மாடிப்படியைப் பார்த்துவிட்டு விலை சொல்பவர்கள்

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டி நிற்கும் சின்ன லாரிகளின் நம்பர் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு கணக்கு பிடிபடும். டிஎன் 16 என்றால் உள்ளூர் வண்டி. டிஎன் 32 என்றால் விழுப்புரத்து வண்டி. காலையில் எதையோ ஏற்றிவந்து இறக்கிவிட்டு, காலியாகத் திரும்ப மனமில்லாமல் நிற்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் காலி வண்டியும் டீசல் குடிக்கும், அதற்கான பணத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். திண்டிவனத்து வண்டியைப் பேசினால் அது திரும்பிவரும் செலவும் நம் வாடகையில் ஏறிவிடும். விழுப்புரத்து வண்டிக்காரருக்கோ நம் சரக்கு போகிற வழியில் கிடைத்த வாடகை. பலகையை மட்டும் நம்பிவிட முடியாது, வண்டி கைமாறியிருக்கலாம். "வண்டி ராத்திரி எங்க நிக்கும்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

என் தம்பி திண்டிவனத்தில் வரி ஆலோசனை அலுவலகம் வைத்திருக்கிறான். சின்ன அலுவலகம். மளிகைக் கடை, அரிசி மண்டி, வேர்க்கடலை வியாபாரி, ஜவுளிக் கடை என்று வாடிக்கையாளர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இந்த வட்டாரமே தண்ணீருக்குள் கிடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். தம்பியின் அலுவலகம் தரைத்தளம். அலமாரிகளின் கீழ்த்தட்டில் இருந்த கோப்புகள் ஊறிப்போயின. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் மாடிக்குப் போய்விட வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தான். மாடி என்று ஆன பிறகு அது விழுப்புரத்திலேயே இருக்கட்டும் என்று தோன்றியது. கலெக்டர் அலுவலகப் பெருந்திட்ட வளாகம் அங்கேதான். பாதி வேலைக்கு அவன் அங்கேதான் அலைகிறான். கிழக்கு பாண்டி ரோட்டுப் பக்கம் இரண்டாவது மாடியில் ஓர் இடம் அமைந்தது. லிஃப்ட் கிடையாது.

நான் விழுப்புரத்தில் இருப்பதால், "ஆள் பார்த்துக் கொடுக்கா" என்று பொறுப்பு என்மேல் வந்தது.

கைபேசியில் தேடினால் நிறுவனங்கள் வரிசையாக வரும். முகவரி விழுப்புரம் என்று இருக்கும். எடுத்துப் பேசுபவர் சென்னையிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ பேசுவார். நான் ஆபீஸ் என்று சொன்ன பிறகும், "எத்தனை பிஎச்கே மேடம்?" என்று கேட்டவர்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் ஒரு தொகை, பத்தாவது நிமிடத்தில் முன்பணம் கேட்டு இன்னொரு அழைப்பு. எந்த மாடி, படி எவ்வளவு அகலம், வண்டி வாசல் வரை வருமா என்று எவருமே கேட்கவில்லை. வீடு மாற்றும் பெரிய நிறுவனங்களை நான் குறை சொல்லவில்லை. சென்னையிலிருந்து புனேவுக்கோ தில்லிக்கோ போகிறவர்களுக்கு அவர்களுடைய கிடங்கும் கொள்கலன் லாரியும் தேவைதான். நாற்பது கிலோமீட்டருக்கு அந்த ஏற்பாட்டில் பாதிப் பணம் இடையில் நிற்பவர்களுக்குப் போகிறது. கடைசியில் வந்து தூக்குகிறவர் இதே ஊர்க்காரராகத்தான் இருப்பார், அவருக்குக் கிடைப்பது குறைவாக இருக்கும். ஏற்றுவதற்கு முன் ஒரு விலை, ஏற்றிய பிறகு ஒரு விலை என்ற புகாரும் நாடு முழுக்கக் கேட்கிற புகார். சாமான் வண்டிக்குள் போய்க் கதவு மூடிவிட்டால் பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் பஸ் ஏறினேன். விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வழியாகப் போகும் சென்னை வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஜன்னலோர இருக்கையிலிருந்து அந்தச் சாலையை ஒரு சரக்குக்காரரின் கண்ணோடு பார்த்துக்கொண்டு போனேன். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கொஞ்சம் தள்ளிச் சர்க்கரை ஆலை. அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு டிராக்டர்கள் சாலையின் ஓரத்தை அடைத்துக்கொண்டு ஊர்ந்துபோகும். பின்னால் மாட்டிய டிரெய்லரிலிருந்து கரும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். சின்ன வண்டியில் கண்ணாடி மேசை ஏற்றி வருகிறவர் அதன் பக்கத்தில் ஒதுங்க யோசிப்பார். பிறகு விக்கிரவாண்டி, சுங்கச்சாவடி, வராக நதிப் பாலம். புயலின்போது கரைபுரண்ட நதியா இது என்று கேட்கும்படி மணலும் நாணலுமாகக் கிடந்தது. கூட்டேரிப்பட்டில் மயிலம் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். அடுத்த நிறுத்தம் திண்டிவனம்.

லாரி ஸ்டாண்டில் என்னை முதலில் கூப்பிட்டவர் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார். அவர் வைத்திருந்தது டாடா ஏஸ். 2005-இல் சந்தைக்கு வந்த இந்தச் சின்ன லாரிக்குத் தமிழ்நாடு முழுக்கக் குட்டியானை என்றுதான் பெயர்.

"இன்னா ஐட்டம்க்கா?"

"ஆபீஸ் சாமான். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர், ரெண்டு பீரோ, ஏசி, அப்புறம் ஃபைல்."

"ஃபைலு எவ்ளோ?"

கைபேசியில் பேசிய எவரும் கேட்காத கேள்வி. நான் கையை விரித்து ஏதோ அளவு காட்டினேன்.

"ஃபைல்தான்க்கா வெயிட்டு. மேசை நாற்காலியெல்லாம் எடத்ததான் அடைக்கும். வாங்க, பாத்துட்டு சொல்றேன்."

வந்தார். தம்பியின் அலுவலகத்தில் ஒரு பெட்டிக் கோப்பை எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தார். அலமாரியின் நீளத்தை நடந்து அளந்தார். விழுப்புரத்தில் எந்த மாடி என்றார். இரண்டாவது என்றதும், "படி நேரா போவுதா, திரும்புதா?" என்றார். அன்று அவர் விலையே சொல்லவில்லை. "அந்தப் படிய ஒருவாட்டி பாத்துடறேன். நாளைக்கு அந்தப் பக்கம் வாடகை இருக்கு" என்று நம்பர் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அப்போதே மனம் தெளிந்துவிட்டது. நான் தேடிய நிறுவனம் என்று ஒன்று இந்த ஊர்களில் பெயர்ப்பலகையோடு இல்லை. இப்படிப் படியைப் பார்க்காமல் விலை சொல்ல மறுக்கும் நான்கைந்து பேரைச் சேர்த்தால் அதுதான் நிறுவனம்.

காகிதத்தின் எடையை அலுவலகம் நடத்துகிறவர்கள் யோசிப்பதே இல்லை. வழக்கமான ஏ4 தாள் ஐந்நூறு கொண்ட ஒரு ரீம் 2.3 கிலோ இருக்கும். நிறைந்த பெட்டிக் கோப்பு ஒன்று ஏறக்குறைய அதே எடை. பத்துக் கோப்பு அடுக்கிய அட்டைப்பெட்டி 25 கிலோவைத் தொடும். குட்டியானையின் தாங்குசக்தி 750 கிலோ. அப்படியானால் முப்பது பெட்டியோடு அதன் கதை முடிந்தது. பின்தட்டு ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். முப்பது பெட்டியை அடுக்கினால் தட்டில் இன்னும் இடம் தெரியும், கண் ஏமாறும். இடம் இருக்கிறதே என்று இன்னொரு பத்துப் பெட்டி ஏற்றினால் விக்கிரவாண்டிப் பாலத்தில் டயர் பதில் சொல்லும். தம்பியிடம் முப்பதைத் தாண்டிப் பல மடங்கு இருந்தது. தோஸ்த், பொலிரோ பிக்கப், 407, ஈச்சர் என்று அந்தப் பையனே ஏணி வைத்ததுபோல வண்டிகளை அடுக்கிச் சொல்லி, "உங்களுக்கு 407 ஒண்ணு, ஏஸ் ஒண்ணு. கண்ணாடி, கம்ப்யூட்டரு, ஏசி இதுல வரட்டும். பேப்பரு, பீரோ அதுல" என்றார். தன் ஒரே வண்டியில் இரண்டு மூன்று நடை ஓட்டி முழு வாடகையையும் அவர் வாங்கியிருக்கலாம். 407 வைத்திருக்கும் விழுப்புரத்துக்காரர் ஒருவரைத் தானே கைகாட்டினார்.

ஆனால் அத்தனை காகிதத்தையும் எதற்குக் கொண்டுபோக வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். வருவாய்த் துறையில் பதிவறையில் இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் மாவட்டத் தலைநகரான கதையைச் சொல்லச் சொன்னால் அவர் கோப்புகளின் வழியாகத்தான் சொல்வார். 1993 செப்டம்பர் 30 வரை எல்லாம் தென்னார்க்காடு, தலைநகர் கடலூர். அன்றைக்கு மாவட்டம் இரண்டானது. தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் ஒன்று, விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஒன்று. அறிவிப்பை ஒரு நாளில் அச்சடித்துவிடலாம். காகிதத்தை அப்படிப் பிரித்துவிட முடியாது. திண்டிவனம் வட்டத்தின் ஒரு நிலவழக்குக் கோப்பு கடலூர் அலமாரியில் எந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்த ஆள் அங்கேயே பணியில் தங்கிவிட்டால், இங்கே வந்திறங்கிய கட்டு வெறும் கட்டுதான் என்பார் அவர். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தபோது அதே வேலை மறுபடி நடந்தது. இந்த முறை விழுப்புரம் கொடுக்கும் இடத்தில் இருந்தது.

நம் ஊரில் நடந்த மிகப் பெரிய அலுவலக இடமாற்றங்கள் இவைதான் என்று நினைக்கிறேன். அவற்றைச் செய்துமுடித்த பதிவறை எழுத்தர்களையும் கட்டுத் தூக்கிய கடைநிலை ஊழியர்களையும் பற்றி யாரும் ஒரு பக்கம் எழுதவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பெரியவர் தம்பிக்குச் சொன்னது ஒரு வரி. "முடிவு போட்டுட்டு மூட்டை கட்டு." அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பு முடிந்தால் அதன்மேல் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஒன்றைப் போடுவார்கள். ஓராண்டு வைக்க வேண்டியது, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். தம்பியும் பணியாளர்களும் அதேபோல் குவியல் பிரித்தார்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகளின் கணக்குப் புத்தகம் எட்டு ஆண்டு. வழக்கு நடப்பவை தனி. கெடு தாண்டியவற்றை வாடிக்கையாளருக்குப் போன் செய்து, வேண்டுமா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றவற்றை அப்படியே பழைய பேப்பர் கடையில் போடவில்லை. பான் எண், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கின்றன. நாளைக்கு அது வடை மடிக்கும் காகிதமாக யாரோ ஒருவர் கைக்குப் போகும். அறுத்துப்போடும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, துண்டாக்கிய பிறகே எடைக்குப் போட்டான். குவியல் பிரித்து முடித்தபோது பெட்டிகள் பாதியாகியிருந்தன. அலுவலகம் மாற்றுவதில் பணம் மிச்சமாகும் இடம் வாடகைப் பேரம் என்று நினைக்கிறோம். தூக்குவதற்கு முன்னால் கழிப்பதில்தான் அது மிச்சமாகிறது.

இந்த வட்டாரத்தில் நூற்றாண்டுகள் பழைய இடமாற்றம் ஒன்றும் உண்டு. தம்பியின் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பழைய கோப்புகளைத் திருப்பிக் கொடுக்கச் செஞ்சிப் பக்கம் போனபோது மேல்சித்தாமூரில் இறங்கினோம். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். பெயரிலேயே காஞ்சி இருக்கிறது. அங்கிருந்து இங்கே வந்த மடம் என்பது மரபு. கோயிலின் உயர்ந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது, ஓலைச்சுவடிகளை அந்தக் காலத்தில் எப்படிக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. ஓலைக்கும் ஈரம் ஆகாது, கரையான் ஆகாது. படித்த ஆள் கூட வந்திருந்தால்தான் எது எந்தச் சுவடி என்று வந்த இடத்தில் அடுக்க முடியும்.

இனி தூக்குகிறவர்கள். வண்டி கிடைப்பது சுலபம், லோடுமேன் கிடைப்பதுதான் கடினம். விழுப்புரம் வட்டாரத்தில் தேர்ந்த லோடுமேன்கள் வேலை கற்பது ரயில் சரக்கு இறங்கும் இடங்களில். முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு யூரியா வந்து இறங்கும்போது அங்கே போய்ப் பார்த்தேன். பெட்டியின் வாசலுக்கும் லாரியின் தட்டுக்கும் நடுவே பலகை. மூட்டை முதுகில் விழும் கணத்தில் முழங்கால் ஒரு சின்ன மடிப்பு மடிகிறது, அதே வேகத்தில் அடி எடுத்து வைக்கிறார்கள். நின்று யோசித்தால் மூட்டை கனக்கத் தொடங்கிவிடும் போலிருக்கிறது. வேலை முடிந்து தலைத்துண்டை உதறிக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆபீஸ் மாற்றும் வேலைக்கு வருவீர்களா என்றேன்.

"வருவோம்மா. ஆனா அந்த வேலதான் கஷ்டம்."

உர மூட்டையைவிடவா என்றேன்.

"உர மூட்ட நாப்பத்தஞ்சு கிலோ. எந்த மூட்ட எடுத்தாலும் நாப்பத்தஞ்சு. ஒடம்புக்குத் தெரியும். ஒங்க டப்பாவுக்கு அளவே இல்ல. ஒண்ணு பஞ்சாட்டம் வரும், அடுத்தது அதே சைசுல இரும்பாட்டம் இருக்கும். தூக்கற வரைக்கும் தெரியாது. அங்கதான் இடுப்பு புடிச்சுக்கும்."

இந்தப் பயணத்தில் நான் கேட்ட உருப்படியான பேச்சு இதுதான். யூரியா மூட்டை முன்பு 50 கிலோ, 2018 முதல் 45. வயதுவந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை உச்ச அளவாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. நம் அலுவலகங்களில் மின்தடைக்கு வைத்திருக்கும் யூபிஎஸ் பேட்டரி ஒன்றே ஐம்பதைத் தாண்டும், உள்ளே அமிலமும் இருக்கும். அதை ஓர் ஆள் இடுப்பில் அணைத்து இரண்டு மாடி ஏறுவதை நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். தம்பியிடம் சொன்னேன். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, எதுவும் 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொன்றின் மேலும் எடை எழுதியிருக்க வேண்டும், பேட்டரிக்கு இரண்டு பேர். அரிசி மண்டிக்காரர் தன் எடைமேடையைக் கொடுத்து உதவினார்.

கூலியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. லோடுமேன் கூலியை வண்டிக்காரரின் வாடகைக்குள் அடக்கிப் பேசக்கூடாது. அடக்கிப் பேசினால் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் முதுகிலிருந்துதான் குறையும். தனியாக, மாடிக்கு இவ்வளவு என்று அவர்களிடமே பேசினோம். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-இல் சட்டம் வந்தது. அதன்கீழ் நலவாரியம் இருக்கிறது, சுமை தூக்குவோரும் அதில் பதிந்துகொள்ளலாம். விபத்து, இயற்கை மரணம், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். நான்கு பேரில் இரண்டு பேரிடம் புதுப்பித்த அட்டை இருந்தது. மற்ற இருவருக்குத் தம்பி தன் அலுவலகக் கணினியிலேயே விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. இன்னொன்றிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சரக்கின்மேல் உட்கார்ந்து யாரும் வரக்கூடாது. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். இந்த நாற்கரச் சாலையில் அப்படிப் போய் உயிர்விட்டவர்களின் செய்தி வராத மாதம் குறைவு. அவர்களுக்குப் பஸ் கட்டணம் கொடுப்பது நம் செலவில் ஒரு பொருட்டா?

காகித வேலையில் தம்பி கெட்டி. கையொப்பமிட்ட ரசீது இல்லாமல் ஒரு பெட்டியும் நகராது என்றான். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கூடுதல் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால், சேதத்துக்கு வண்டிக்காரரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். சேதம் என்றால் சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பும் கொடுத்தாக வேண்டும். நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் முடியாது. வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே போய்விடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. வீடு மாற்றுகிறவரைவிட அலுவலகம் மாற்றுகிறவருக்கு அந்த ஒரு தாள் ரசீது அதிகம் தேவைப்படுவது இதனால்தான். சாமான்களின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டுக்குள்ளேயே கொண்டுபோனாலும் இ-வே பில் வேண்டும், விற்பனையாக இல்லாவிட்டாலும். டெலிவரி சலான் மூன்று படி எடுத்து வைத்தான். வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்தான். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

நாள் பார்ப்பதிலும் ஒரு நெளிவுசுளிவு உண்டு. ஆவணி, தை வளர்பிறை முகூர்த்த நாட்களில் வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். ஆடியில் யாரும் குடிபோவதில்லை என்பதால் ஸ்டாண்டில் வண்டிகள் வெயிலில் நிற்கும். அம்மா ஆடியில் வேண்டவே வேண்டாம் என்றார். முடிவில் ஆனி மாதக் கடைசியில் ஒரு நல்ல நேரத்தில் புதிய இடத்தில் பால் காய்ச்சிவிட்டு, சாமி படத்தையும் ஒரு கணக்குப் புத்தகத்தையும் கொண்டுபோய் வைத்தோம். சாமான்களை ஆடி பிறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்றினோம். அம்மாவுக்கும் சம்மதம், ஓட்டுநர்களுக்கும் சம்மதம்.

முதல் ஞாயிறு விடியற்காலையில் ஏசி மெக்கானிக் வந்தார். அவர் வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏசியை ஓடவிட்டு, வெளியே இருக்கும் யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை முதலில் அறுகோணச் சாவியால் மூடினார். சற்று நேரம் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். உள்ளே இருந்த வாயு முழுக்க வெளி யூனிட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்தினார். இதைச் செய்யாமல் குழாயை வெட்டிவிட்டால் வாயு காற்றோடு போகும், புது இடத்தில் மறுபடி நிரப்பக் காசு கேட்பார்கள். நகல் இயந்திரத்துக்கு ஒருவர் வந்து டோனரைக் கழற்றித் தனியே உறையில் போட்டார். தச்சர் மரத் தடுப்பைப் பலகை பலகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் எண் போட்டு, திருகாணிகளை ஒரு துணிப்பையில் கட்டி அந்தப் பலகையிலேயே ஆணியடித்துத் தொங்கவிட்டார். கணினி வயர்களைக் கழற்றுவதற்கு முன் தம்பியின் பணியாளர் பெண் ஒவ்வொன்றின் பின்புறத்தையும் படம் எடுத்துக்கொண்டார். தகவல்கள் இருந்த வன்தட்டுகள் வண்டியில் ஏறவே இல்லை, தம்பியின் தோள்பையில் போயின.

விழுப்புரத்தில் பீரோவைப் படியேற்றியதுதான் அன்றைய பெரிய வேலை. இரும்பு பீரோ, ஆறரை அடி. படி முதல் மாடியில் திரும்புகிறது. முண்டியம்பாக்கத்து மூத்தவர் முதலில் வெறும் கையோடு மேலே போய்வந்தார். இரண்டு கையை விரித்துச் சுவருக்கும் கைப்பிடிக்கும் இடையே அளந்தார். பீரோவின் கதவைக் கயிற்றால் கட்டி, மூலைகளில் கோணியைச் சுற்றி, தலைகீழாக நிறுத்தினார்கள். அடிக்கால் மேலே இருந்தால் திருப்பத்தில் கைப்பிடிக்குச் சிக்காது. கீழே இரண்டு பேர், மேலே கயிற்றோடு இரண்டு பேர். "விடாத, விடாத, ஒக்காரு" என்று அவர் குரல் மட்டும் கேட்டது. ஒவ்வொரு படியிலும் பீரோவை உட்கார வைத்து மூச்சு வாங்கி அடுத்த படி. திருப்பத்தில் ஒரு விரற்கடை இடம் இருந்தது. குட்டியானைப் பையன் முன்பே வந்து பார்த்துச் சொன்ன அளவு சரியாக இருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை.

சாமான் வந்து சேர்வதோடு ஓர் அலுவலகம் வந்து சேர்ந்துவிடாது. திண்டிவனத்தின் தொலைபேசிக் குறியீடு 04147, விழுப்புரத்தினுடையது 04146. அந்த ஓர் எண் மாறுவதால் பழைய தரைவழி எண்ணைக் கூட்டிவர முடியவில்லை. பல வருடமாக அதே எண்ணுக்குக் கூப்பிட்டுப் பழகிய மண்டிக்காரர்களுக்குத் தம்பி ஒவ்வொருவராகப் பேசிச் சொன்னான். பழைய கதவில் புது முகவரியைப் பெரிதாக எழுதி ஒட்டினான். தபால் அலுவலகத்தில் கடிதங்களைத் திருப்பிவிட எழுதிக் கொடுத்தான். தொழிலிடம் மாறினால் 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் திருத்தம் கேட்க வேண்டும். புதிய வாடகை ஒப்பந்தமும் மின் கட்டண ரசீதும் அதற்கு ஆதாரம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் வேறு ஊருக்குப் பதிவு அலுவலகத்தை மாற்றச் சிறப்புத் தீர்மானமும், மாறிய 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலும் வேண்டும். தம்பியினுடையது தனிநபர் நிறுவனம் என்பதால் அந்தப் பாடு இல்லை.

முதல் ஞாயிறு சாயங்காலம் கூலியைக் கொடுத்தபோது மூத்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார். கிளம்புகிறவர், அடுக்கி வைத்திருந்த பெட்டிகளின் பக்கம் திரும்பி நின்றார்.

"எட எழுதினது நல்லா இருந்துச்சும்மா. ஆனா டப்பாவோட தலமேல எழுதிட்டாங்க. ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கிட்டா தலை மறைஞ்சிடுது. பக்கத்துல எழுதச் சொல்லு, ரெண்டு பக்கமும்."

தம்பி அங்கேயே பணியாளர்களுக்குப் போன் செய்தான். திண்டிவனத்தில் அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருந்த பெட்டிகளில், மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்து இரண்டு பக்கமும் எழுதினார்கள்.